கிருமிகளின் கைமாற்று

ஜெஞ்சாரோமில் என் பாட்டி வீட்டுச் சமையலறை அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் பிஸ்கட் இருந்து நான் பார்த்ததே இல்லை. பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகளும் எழுத்து அழிந்த மருந்துப் பைகளும்தான் இருக்கும். கிளினிக்கில் ஐந்து நாளைக்கு ஆண்டிபயாட்டிக் கொடுத்தால் பாட்டி இரண்டு நாள் சாப்பிடுவார். காய்ச்சல் இறங்கியதும் மிச்சம் டின்னுக்குள் போய்விடும். பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தொண்டை வலி என்றால் நான்கு, செம்பனைத் தோட்டத்தில் முள் குத்திக்கொண்டு வந்த மாமாவுக்கு ஆறு என்று அங்கிருந்து கைமாறும். பாட்டி கைராசிக்காரர் என்று அந்த வரிசை வீடுகளில் பெயர்.

ஈராண்டுகளுக்கு முன், நீரிழிவு நோயாளியான பாட்டியின் கால் விரலில் வந்த புண் ஆறவில்லை. மருத்துவமனையில் சேர்த்தோம். முதலில் கொடுத்த மருந்து கேட்கவில்லை. அடுத்ததும் கேட்கவில்லை. புண்ணிலிருந்து எடுத்த சீழை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்துவிட்டு, இது பல மருந்துகளுக்கு அடங்காத கிருமி என்றார்கள். பாட்டியைத் தனி அறைக்கு மாற்றினார்கள். உள்ளே போகும் ஒவ்வொருவரும் மேலங்கியும் கையுறையும் அணிய வேண்டியிருந்தது. பலிக்காத மருந்துகளின் பெயர்களை மருத்துவர் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுப் போனபின், பாட்டி என்னிடம் கேட்டார்:

“ஏம்மா, அதுல பாதி மருந்து பேரக்கூட நான் கேட்டதில்ல. நான் வாயிலயே வைக்காத மருந்துக்கு இந்தக் கிருமி எப்படிம்மா பழகுச்சு?”

உயிர்மருத்துவ அறிவியல் பயிலும் எனக்கு விடை தெரியும். ஆனால் சொல்ல வரவில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை அறிவியலைத் தமிழில் படித்தேன். இடைநிலைப்பள்ளியில் மலாய் வந்தது. பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் வந்தது. ‘கிருமி’ என்ற சொல்லைத் தாண்டி என் தமிழ் அன்று நகரவில்லை. “அதெல்லாம் மருத்துவர் பார்த்துக்குவார் பாட்டி” என்று சொல்லிச் சமாளித்தேன். அன்று சொல்ல முடியாமற்போன விடையை இக்கட்டுரையில் எழுத முயல்கிறேன்.

வேலியும் வாசலும்

நம் குடலிலும் தோலிலும் மண்ணிலும் நீரிலும் வாழும் பாக்டீரியா ஒற்றை உயிரணுவால் ஆனது. நமக்கெல்லாம் தெரிந்த ஈ.கோலை ஏறக்குறைய 2 மைக்ரோமீட்டர் நீளம் உடையது. ஒரு மில்லிமீட்டரில் 500 ஈ.கோலைகளை வால்பிடித்து நிற்க வைக்கலாம். இவ்வளவு சிறிய உயிருக்கு வேலி மட்டும் மிகப் பலமானது. ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களுக்கு உட்சவ்வு, வெளிச்சவ்வு என இரண்டு கொழுப்புச் சவ்வுகள் உண்டு. நடுவில் ஒரு மெல்லிய சுவரும் உண்டு.

ஜெஞ்சாரோம், அவசரகாலத்தில் உருவான புதுக்கிராமங்களுள் ஒன்று. புதுக்கிராமம் என்றால் முள்வேலியும் காவல் வாசலும் இருந்திருக்கும் என்பதை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். வேலி எவ்வளவு உறுதியோ அவ்வளவுக்கு வாசல் முக்கியமாகிறது. பாக்டீரியாவின் நிலையும் அதுதான். உள்ளே செய்த புரதத்தை வெளியே அனுப்ப வேண்டும். உணவைச் செரிக்கும் நொதிகள், போட்டியாளரைக் கொல்லும் நஞ்சு, நம் உயிரணுவை ஏமாற்றும் புரதம் ஆகிய யாவும் பெரிய மூலக்கூறுகள். சவ்வை அவை தாமாகக் கடக்க முடியாது. ஆகவே பாக்டீரியா தன் சவ்வுகளின் ஊடே புரதங்களைக் கொண்டே வாசல்களைக் கட்டிக்கொள்கிறது. இவற்றையே அறிவியலாளர்கள் சுரப்பு அமைப்புகள் என்கின்றனர். வகை 1, வகை 2 என எண்ணிட்டு வருகிறார்கள். எண்ணிக்கை பத்தைத் தாண்டிவிட்டது.

இவற்றுள் சில, சரக்கை வெளியே கொட்டுவதோடு நின்றுவிடுவதில்லை. அடுத்த உயிரணுவின் உள்ளேயே கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. வகை 3 அமைப்பு ஊசியைப் போன்றது. 1998இல் சால்மொனெல்லா பாக்டீரியாவிலிருந்து இதைப் பிரித்தெடுத்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது உண்மையிலேயே ஒரு மருத்துவ ஊசியின் உருவம் தெரிந்தது. இதன் உள்துளை மிகக் குறுகலானது என்பதால், மடிந்து உருண்டிருக்கும் புரதத்தைப் பிரித்து நூலாக்கித்தான் அனுப்ப வேண்டும். 2006இல் அடையாளம் காணப்பட்ட வகை 6 அமைப்போ ஈட்டியைப் போன்றது. உறை சட்டெனச் சுருங்க, உள்ளிருக்கும் ஈட்டி நஞ்சோடு அடுத்த பாக்டீரியாவின் உடலில் பாயும்.

இந்த ஊசியும் ஈட்டியும் சேர்ந்து வேலை செய்யும் ஒரு நோய்க்கும் கோலாலம்பூருக்கும் பழைய தொடர்பு உண்டு. 1911இல் ரங்கூனில் விட்மோர் என்ற மருத்துவரும் அவருடன் பணியாற்றிய சி.எஸ். கிருஷ்ணசாமியும் ஒரு புதிய நோயைக் கண்டனர். 1913இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூட விலங்குகளிடையே அதே நோய் பரவியது. அங்கு பணியாற்றிய ஸ்டேன்டனும் ஃபிளெட்சரும் பல்லாண்டுகள் அதை ஆராய்ந்து, 1921இல் ‘மெலியோய்டோசிஸ்’ என்று பெயரிட்டனர். மண்ணிலும் நீரிலும் வாழும் இப்பாக்டீரியா, நீரிழிவு உள்ளவர்களை அதிகம் தாக்கும். நம் உயிரணு அதை விழுங்கிச் சிறைவைத்தால், வகை 3 ஊசியைப் பயன்படுத்திச் சிறையிலிருந்து தப்புகிறது. வகை 6 ஈட்டியின் துணையோடு பக்கத்து உயிரணுக்களை ஒன்றோடொன்று இணையச் செய்து, வெளியே தலைகாட்டாமலேயே பரவுகிறது.

பாட்டியின் கேள்விக்கு விடை இருப்பது வகை 4 அமைப்பில். மற்றவை பெரும்பாலும் புரதத்தையே கடத்துகின்றன. இந்த வகை 4 குடும்பம் மட்டும் புரதத்தையும் கடத்தும், டி.என்.ஏ.வையும் கடத்தும்.

ஊசியும் நூலும்

டி.என்.ஏ. என்பது உயிரணுவின் செய்முறைக் குறிப்பேடு. பாக்டீரியாவிடம் ஒரு பெரிய குறிப்பேடு உண்டு. அத்துடன் பல பாக்டீரியாக்களிடம் பிளாஸ்மிட் எனப்படும் சிறிய வட்ட வடிவ டி.என்.ஏ.க்களும் இருக்கும். பெரிய குறிப்பேட்டில் வாழ்வதற்கு வேண்டியவை இருக்கும் என்றால், பிளாஸ்மிட்டில் அவசரத்துக்கு உதவும் துண்டுக் குறிப்புகள் இருக்கும். ஒரு மருந்தை எப்படி உடைப்பது, எப்படி வெளியே இறைத்துத் தள்ளுவது என்பன போன்ற குறிப்புகள் அங்குதான் அதிகம்.

பாக்டீரியா இரண்டாகப் பிளந்து பெருகும். பிள்ளைகளுக்குத் தாயின் டி.என்.ஏ. அப்படியே கிடைக்கும். உயிரியல் பாடத்தில் நாம் படித்த மரபுவழி இதுதான். ஆனால் 1946இல் ஜோஷுவா லெடர்பெர்க், எட்வர்ட் டேட்டம் இருவரும் ஈ.கோலையில் வேறொன்றைக் கண்டனர். தாய்-பிள்ளை உறவில்லாத இரண்டு பாக்டீரியாக்கள் அருகருகே இருந்தால், ஒன்றின் மரபணு மற்றொன்றுக்குப் போய்ச் சேர்ந்தது. தாயிடமிருந்து பிள்ளைக்கு வருவது சொத்து என்றால், இது பக்கத்து வீட்டுக் கைமாற்று. நாம் கொடுக்கும் கைமாற்றுக்கும் இதற்கும் ஒரே ஒரு வேறுபாடு. இங்கே கொடுத்தவரிடமும் பொருள் குறைவதில்லை.

கைமாற்று எப்படி நடக்கிறது? படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில், கொடுக்கும் பாக்டீரியா ஒரு மெல்லிய இழையை நீட்டி அயலானைத் தொடும். இழை சுருங்கும்போது இரண்டும் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். அடுத்து, ஒரு நொதி பிளாஸ்மிட்டின் குறிப்பிட்ட இடத்தைத் தேடிப்போய், அதன் இரண்டு இழைகளில் ஒன்றை மட்டும் வெட்டும். வெட்டியதும் விலகிவிடாமல், வெட்டிய முனையைத் தன் உடலோடு பிணைத்துக்கொள்ளும். இதுதான் சூட்சுமம். வகை 4 வாசல் இந்த நொதியைத்தான் தான் அனுப்ப வேண்டிய சரக்கு என அடையாளம் கண்டு உள்ளே இழுக்கிறது. நொதி போகும்போது, அதோடு பிணைந்த டி.என்.ஏ. இழையும் பின்னாலேயே போகிறது. ஊசி போன வழியில் நூல் போவதைப்போல என்று சொல்லலாம். ஆக, புரதத்தை அனுப்பக் கட்டிய வாசல்தான் டி.என்.ஏ.வையும் அனுப்புகிறது. மறுபுறம் சேர்ந்ததும் நொதி அவ்விழையை மீண்டும் வட்டமாக இணைத்துவிடும். இரு பாக்டீரியாக்களும் தங்களிடமுள்ள ஒற்றை இழைக்குத் துணை இழையைச் செய்துகொள்ளும். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

பெற்றுக்கொண்ட பாக்டீரியாவுக்குக் கிடைப்பது மருந்தை எதிர்க்கும் குறிப்பு மட்டுமன்று. வகை 4 வாசலை எப்படிக் கட்டுவது என்ற குறிப்பும் பெரும்பாலும் அதே பிளாஸ்மிட்டில் இருக்கும். எனவே வாங்கியவன் உடனே கொடுப்பவனாகிறான். அவன் தன் இனத்தானுக்குத்தான் கொடுப்பான் என்றும் இல்லை. ஈ.கோலை, க்ளெப்சியெல்லாவுக்குக் கொடுக்கும். சால்மொனெல்லாவுக்கும் கொடுக்கும். இந்த வாசலின் கட்டமைப்பை லண்டனில் கேப்ரியல் வாக்ஸ்மன் தலைமையிலான குழு மின்னணு நுண்ணோக்கியின் துணையோடு 2014இல் வெளியிட்டது. 2022இல் இன்னும் நுட்பமாகக் காட்டியது. இரண்டு சவ்வுகளையும் துளைத்து நிற்கும் அப்பெரிய இயந்திரத்தைப் படத்தில் பார்த்தால், இதைக் கட்டியது ஓர் ஒற்றை உயிரணுவா என்று வியக்கத் தோன்றும்.

சென்னையில் கண்டது

இந்தக் கைமாற்று மனிதருக்கு எவ்வளவு பெரிய தொல்லை என்பதை முதலில் உணர்ந்தது ஜப்பான். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் அங்கு இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஷிகெல்லா பரவியது. 1950களில், ஒரே சமயத்தில் பல மருந்துகளுக்கு அடங்காத ஷிகெல்லாக்கள் தோன்றின. ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியே பழகியிருந்தால் பல்லாண்டுகள் ஆகியிருக்க வேண்டும். 1959இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் உண்மையைக் கண்டுபிடித்தனர். எதிர்ப்புத் திறன்கள் மொத்தமாக ஒரு கட்டாகக் குடலிலுள்ள ஈ.கோலைக்கும் ஷிகெல்லாவுக்கும் இடையே கைமாறிக்கொண்டிருந்தன.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு அதே கதை தமிழ்நாட்டில் பெரிய அளவில் தெரியவந்தது. 2008இல், புதுடில்லியில் மருத்துவமனையில் இருந்துவிட்டுச் சுவீடனுக்குத் திரும்பிய இந்திய வம்சாவளியினர் ஒருவரின் சிறுநீரில் ஒரு க்ளெப்சியெல்லா கிடைத்தது. கார்பபீனம் என்ற மருந்துக் குடும்பத்தையே உடைக்கும் நொதி அதனிடம் இருந்தது. மற்ற மருந்துகள் கைவிட்டபின் மருத்துவர்கள் கையிலெடுக்கும் மருந்துகள் கார்பபீனங்கள். அந்நொதியின் மரபணுவுக்கு என்.டி.எம்.-1 என்று பெயரிட்டனர். அதிர்ச்சி அத்துடன் முடியவில்லை. அதே மனிதரின் மலத்திலிருந்த ஈ.கோலையிலும் அம்மரபணு இருந்தது. ஓர் உடலுக்குள்ளேயே கைமாற்று நடந்திருக்க வேண்டும் என்பதற்கு அது வலுவான அடையாளம்.

இது எங்கெங்கே பரவியிருக்கிறது? அக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஆய்வு செய்த கார்த்திகேயன் குமாரசாமி. பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த திமோத்தி வால்ஷ் முதலியோருடன் இணைந்து அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை 2010 ஆகஸ்டில் லான்செட் தொற்றுநோய் இதழில் வெளியானது. சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 என அம்மரபணு உள்ள பாக்டீரியாக்களை அவர்கள் கண்டிருந்தனர். ஹரியானாவில் கிடைத்த பிளாஸ்மிட்டுகள் ஆய்வுக்கூடத்தில் கைமாறவில்லை. சென்னையிலும் பிரிட்டனிலும் கிடைத்தவை எளிதில் கைமாறின. ஒரே பாக்டீரியாவின் வாரிசுகள் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்ததன் விளைவன்று இது. சென்னையில் கிடைத்த பாக்டீரியாக்கள் வெவ்வேறு வம்சத்தவை. பயணம் செய்தது மரபணு.

மரபணுவின் பெயரில் இந்தியத் தலைநகரின் பெயர் இருந்ததால் பெரும் சர்ச்சை எழுந்தது. நாட்டின் மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றெல்லாம் பேசப்பட்டது. ஆனால், 2011இல் டில்லியில் எடுத்த 50 குழாய்நீர் மாதிரிகளில் இரண்டிலும், தெருவில் தேங்கி ஓடும் நீரின் 171 மாதிரிகளில் 51இலும் அம்மரபணு இருந்ததாக மற்றோர் ஆய்வு வந்தது. பெயரைப் பற்றிச் சண்டையிட்டுக்கொண்டிருந்த வேளையில் மரபணு சாக்கடையில் இருந்தது. 2012இல் இந்திய மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, மருந்து எதிர்ப்பைத் தடுக்கும் திட்டம் ஒன்றை வகுத்தன. அது ‘சென்னைப் பிரகடனம்’ என்று அழைக்கப்படுகிறது.

நம் நாடு இதற்கு விலக்கன்று. கோலிஸ்டின் என்ற கடைசி மருந்துகளுள் ஒன்றை எதிர்க்கும் மரபணு, பிளாஸ்மிட்டில் ஏறி உலவுவதை 2015இல் சீன ஆய்வாளர்கள் அறிவித்தனர். அடுத்த ஆண்டே மலேசிய ஈ.கோலையிலும் அது இருப்பது அறிவிக்கப்பட்டது. கால்நடை வளர்ப்பில் கோலிஸ்டின் பயன்படுத்துவதை மலேசியா 2019ஆம் ஆண்டு தொடக்கத்தில் தடை செய்தது. கோழிக்குப் போட்ட மருந்து மனிதனை எப்படிப் பாதிக்கும் என்று கேட்பவர்களுக்கு, வகை 4 வாசலே விடை.

பாட்டியின் கேள்விக்கும் இதுவே விடை. அவர் காலிலிருந்த கிருமி அந்த மருந்துகளுக்குத் தானே பழகியிருக்க வேண்டியதில்லை. எங்கோ, யாருடைய குடலிலோ, எந்தக் கோழிப்பண்ணையிலோ, எந்தச் சாக்கடையிலோ பழகிய மற்றொரு கிருமியிடமிருந்து அக்குறிப்பு கைமாறி வந்திருக்கலாம்.

வயிற்றுக்குள் ஒரு ஊசி

வகை 4 குடும்பத்தின் மறுபக்கத்தையும் பார்த்துவிடுவோம். நம் உயிரணுவுக்குள் புரதத்தை அனுப்பக் கற்றுக்கொண்ட ஒரு பாக்டீரியா நம் வயிற்றிலேயே இருக்கிறது. அதன் பெயர் ஹெலிகோபேக்டர் பைலோரி. வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் கவலையும் காரமும் என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், இந்தப் பாக்டீரியாவே காரணம் என்றனர் ஆஸ்திரேலியரான பேரி மார்ஷலும் ராபின் வாரனும். நம்ப மறுத்தவர்களுக்கு நிரூபிக்க, மார்ஷல் 1984இல் அப்பாக்டீரியாவைத் தாமே குடித்து வயிற்று அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. வயிற்றுப் புற்றுநோயை உண்டாக்கும் காரணிகளுள் முதல் தரத்தில் இது 1994இல் சேர்க்கப்பட்டது.

இப்பாக்டீரியாக்களுள் பலவற்றிடம் வகை 4 ஊசி ஒன்று உண்டு. வயிற்றுச் சுவரின் உயிரணுவில் அதைப் பொருத்தி, கேக்-ஏ என்ற புரதத்தை உள்ளே செலுத்துகிறது. இது 2000ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. உள்ளே போன கேக்-ஏ, நம் உயிரணுவின் சமிக்ஞைகளில் தலையிடுகிறது. உயிரணு தன் வடிவத்தை இழந்து நீள்கிறது. பக்கத்து உயிரணுவோடு உள்ள பிடிமானம் தளர்கிறது. பல்லாண்டுகள் இது தொடர்ந்தால் புற்றுநோய்க்கு வழி திறக்கலாம்.

இங்கே நம் சமூகத்தைப் பற்றிய ஒரு புதிர் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் கோ கியான் லீ, பராசக்தி முதலிய ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வுகளில், இப்பாக்டீரியா இந்தியரிடமும் சீனரிடமும் அதிகமாகவும், மலாய்க்காரரிடம் மிகக் குறைவாகவும் இருப்பது தெரிந்தது. பாக்டீரியா அதிகமானால் வயிற்றுப் புற்றுநோயும் அதிகமாக வேண்டுமல்லவா? சீனரிடம் அப்படித்தான் இருந்தது. இந்தியரிடம் புற்றுநோய் அந்த அளவுக்கு இல்லை. இதை ‘இந்தியப் புதிர்’ என்றே ஆய்வுலகம் அழைக்கிறது.

ஊசி ஒன்றுதான். ஆனால் ஊசியில் ஏற்றும் மருந்து வேறு. சீனரிடம் காணப்படும் பாக்டீரியாக்களில் பெரும்பாலும் கிழக்காசிய வடிவக் கேக்-ஏ இருக்கிறது. அது நம் உயிரணுவின் ஒரு முக்கியப் புரதத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். இந்தியரிடம் காணப்படும் வடிவம் அவ்வளவு இறுகப் பற்றாது. உணவு, உடலின் மரபு முதலிய பிற காரணங்களும் சொல்லப்படுகின்றன என்றாலும், இந்தப் புரத வேறுபாடும் அவற்றுள் ஒன்று. மற்றொன்றும் சொல்ல வேண்டும். மலேசிய இந்தியரின் வயிற்றிலுள்ள இப்பாக்டீரியாவின் டி.என்.ஏ.வை ஆராய்ந்தபோது, அது இந்தியாவிலுள்ள வகையோடு ஒத்திருந்தது. நம் முன்னோர் கப்பலேறியபோது தகரப்பெட்டியோடு இதையும் கொண்டு வந்திருக்கிறார்கள்!

கிருமியிடம் கற்ற வித்தை

வகை 4 வாசல் எப்போதும் நமக்குப் பகை என்று நினைத்துவிட வேண்டாம். மண்ணில் வாழும் அக்ரோபேக்டீரியம் என்ற பாக்டீரியா, காயம்பட்ட செடியின் உயிரணுவுக்குள் தன் டி.என்.ஏ.வின் ஒரு துண்டை வகை 4 வாசல் வழியே செலுத்தும். அங்கும் ஊசியாகிய புரதம் முன்னே போக, நூலாகிய டி.என்.ஏ. பின்னே போகும். செடியின் தண்டில் கட்டி வளரும். பாக்டீரியாவுக்கு வேண்டிய உணவைச் செடியே சமைத்துக் கொடுக்கும். பாக்டீரியாவின் டி.என்.ஏ. செடியின் டி.என்.ஏ.வோடு இணைந்துவிடுகிறது என்பதை 1977இல் மேரி-டெல் சில்டன் முதலியோர் உறுதி செய்தனர். அப்படியானால், கட்டியை உண்டாக்கும் மரபணுவை எடுத்துவிட்டு நமக்கு வேண்டிய மரபணுவை வைத்தால் என்ன? 1983ஆம் ஆண்டளவில் அதையும் செய்து காட்டினார்கள்.

சென்னை தரமணியிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரீடாவின் குழு இவ்வித்தையைப் பயன்படுத்தியது. உப்புநீரில் செழித்து வளரும் வெண்கண்டல் மரத்தின் மரபணு ஒன்றை எடுத்து, அக்ரோபேக்டீரியத்தின் வழியே நெல்லுக்குள் அனுப்பி, உப்பையும் வறட்சியையும் தாங்கும் திறனைச் சோதித்து 2008இல் வெளியிட்டது. வெண்கண்டல் நமக்கு அந்நிய மரமன்று. கடலோரச் சதுப்பில் நிற்கும், மலாயில் ஆப்பி-ஆப்பி என்று அழைக்கப்படும் மரங்களின் இனம்தான் அது. தரமணி என்ற அதே பகுதியில், ஒரு வளாகத்தில் இவ்வாசலால் வந்த ஆபத்தை எண்ணினார்கள். மற்றொரு வளாகத்தில் அதே வாசலால் நெல்லைக் காக்க முயன்றார்கள்.

நம் கையில் இருப்பது

மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறக்குறைய 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்று ஒரு விரிவான ஆய்வு கணித்துள்ளது. வகை 4 வாசலையே அடைக்கும் மருந்துகளைத் தேடும் முயற்சியும் ஆய்வுக்கூடங்களில் நடந்து வருகிறது. கிருமியைக் கொல்லாமல் கைமாற்றை மட்டும் தடுப்பது அதன் நோக்கம். அது வெற்றி பெறும்வரை நாம் என்ன செய்யலாம்?

கைமாற்றை நம்மால் நிறுத்த முடியாது. ஆனால் கைமாறியவன் பெருகுவதற்கு இடம் கொடுக்காமல் இருக்கலாம். தேவையில்லாமல் ஓர் ஆண்டிபயாட்டிக்கை விழுங்கும்போது நம் குடலில் நடப்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். மருந்துக்கு அடங்கும் நல்ல பாக்டீரியாக்கள் சாகின்றன. எதிர்ப்புக் குறிப்பை வைத்திருக்கும் ஒரு சில மட்டும் தப்புகின்றன. காலியான இடம் முழுவதும் அவற்றுக்குக் கிடைக்கிறது. பின்னர் எப்போதேனும் ஒரு நோய்க்கிருமி அவ்வழியே வந்தால், கொடுப்பதற்கு ஆள் தயாராக இருக்கிறது. நோய் நம்மை விட்டுப் போனாலும் குறிப்பு நம்மிடம் தங்கிவிடும்.

சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். வைரஸை ஆண்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. நம் நாட்டில் ஆண்டிபயாட்டிக் மருந்துகள் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வருபவை. மருத்துவரின் மருந்துச்சீட்டு இல்லாமல் மருந்தகம் அவற்றை விற்கக் கூடாது. சட்டம் மருந்தகத்தைக் கட்டுப்படுத்தும். பிஸ்கட் டின்னைக் கட்டுப்படுத்தாது. மருத்துவர் சொன்ன நாள்கணக்குப்படி சாப்பிடுவதும், மிச்சமிருந்தால் அரசாங்க மருத்துவமனை, கிளினிக் மருந்தகங்களில் திருப்பிக் கொடுப்பதும், அடுத்தவருக்குக் கொடுக்காமல் இருப்பதும் நம் கையில்தான் உள்ளன.

பாட்டிக்கு இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. கடைசியாகக் கொடுத்த மருந்துக்குக் கிருமி அடங்கியதால் வீடு திரும்பினார். சென்ற மாதம் இக்கட்டுரையை எழுதி முடித்ததும் அவருக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டினேன். வகை 4, பிளாஸ்மிட் என்ற சொற்களுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப அதுங்களும் நம்மள மாதிரித்தான். இருக்கறத அக்கம்பக்கத்துக்குக் குடுத்து வாழுதுங்க” என்றார்.

பின்னர் என்னைவிட்டு அலமாரியிலிருந்த டின்னை எடுத்துவரச் சொன்னார். மாத்திரைகளை ஒரு பையில் கட்டி, மறுமுறை மருத்துவமனைக்குப் போகும்போது மருந்தகத்தில் கொடுத்துவிட்டோம். டின்னைக் கழுவிக் காயவைத்தார். இப்போது அதில் முறுக்கு இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா இன்றும் வருகிறார். வெறுங்கையோடு போவதில்லை.